ஒட்டிய பிறகும் "ஒட்டுங்கள்" என்று சொல்லும் கருவி

தைப்பூசத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் கோயில் மண்டபத்தில் தொண்டர்களுக்கு, இதயம் திடீரென நின்றவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏ.இ.டி. கருவியைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுத்தேன். மருத்துவமனைக் கருவிகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். பயிற்சியை எப்போதும் விளக்கத்தில் தொடங்காமல், கருவியைப் பார்த்தே இராத ஒருவரை அழைத்துத்தான் தொடங்குவேன். அன்று சமையற்கட்டிலிருந்து வந்த ஓர் அம்மாவை அழைத்து, "நான் எதுவும் சொல்லமாட்டேன் அம்மா, பெட்டி சொல்வதை மட்டும் செய்யுங்கள்" என்றேன்.

மூடியைத் திறந்ததும் கருவி ஆங்கிலத்தில் பேசத் தொடங்கியது. கையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்ததால் மார்பில் ஒட்ட வேண்டிய மின்தகடுகளான பேடுகளின் உறையை அவரால் கிழிக்க முடியவில்லை; இரண்டு முறை வழுக்கிய பின் பல்லால் கிழித்தார். படத்தில் உள்ளபடியே பயிற்சிப் பொம்மையின் வலது தோளுக்குக் கீழே ஒன்றையும் இடது விலாவில் மற்றொன்றையும் சரியாக வைத்து அழுத்தினார். ஆனால் பேடின் அடியிலிருந்த பிளாஸ்டிக் தாளை உரிக்கவில்லை. பேடுகளை ஒட்டும்படி கருவி திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "ஒட்டிவிட்டேனே தம்பி, இன்னும் ஏன் ஒட்டச் சொல்கிறது?" என்று கேட்டார்.

அவர் கேட்டது முற்றிலும் நியாயம். உடலோடு மின்தொடர்பு ஏற்படவில்லை என்பது கருவிக்குத் தெரிகிறது. அதற்கு மிகப் பொதுவான காரணம் உரிக்கப்படாத தாள் என்பது அதை வடிவமைத்தவர்களுக்கும் தெரியும். அப்படியிருக்க, அதே வாக்கியத்தைத் திரும்பச் சொல்வதற்குப் பதிலாக "அடியிலுள்ள தாளை உரியுங்கள்" என்று சொல்ல வைத்திருக்கலாம். சில மாடல்கள் அப்படித்தான் சொல்கின்றன. 1999ஆம் ஆண்டு வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஏ.இ.டி.யை முன்பின் அறியாத 15 ஆறாம் வகுப்புச் சிறுவர்கள் பொம்மைக்கு மின்னதிர்ச்சி கொடுக்கச் சராசரியாக 90 விநாடிகள் எடுத்துக்கொண்டார்கள். பயிற்சி பெற்ற ஆம்புலன்ஸ் ஊழியர்கள் 67 விநாடிகள் எடுத்துக்கொண்டார்கள். நல்ல வடிவமைப்பு பயிற்சியின் இடைவெளியை அவ்வளவு சுருக்கிவிடுகிறது. இதயம் நின்றபின் மின்னதிர்ச்சியும் நெஞ்சை அழுத்தும் முதலுதவியும் இல்லாமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் உயிர் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு வரை குறைவதால், ஒரு பிளாஸ்டிக் தாளால் வீணாகும் அரை நிமிடத்தை என்னால் சிறியதாக எண்ண முடியவில்லை.

ஆக்சிஜன் சிலிண்டரில் இதற்கு நேர்மாறான கவனத்தைக் காணலாம். சிறிய சிலிண்டர்களின் வால்வில் ஆக்சிஜனுக்கு 2, 5 என்ற இடங்களிலும், மயக்க வாயுவான நைட்ரஸ் ஆக்சைடுக்கு 3, 5 என்ற இடங்களிலும் துளைகள் இருக்கும். பதற்றத்தில் சிலிண்டரை மாற்றி எடுத்தாலும், அதை மாட்டும் கருவியிலுள்ள ஊசிகள் அந்தத் துளைகளில் பொருந்தாது. யாருக்கும் அறிவுரை சொல்லாமலேயே தவறைத் தடுத்துவிடும் அந்த ஏற்பாட்டின் மீது எனக்குப் பெரும் மரியாதை உண்டு.

எங்கள் ஊரின் காவடிக் கூட்டத்தை எந்த வடிவமைப்பாளரும் மனத்தில் வைத்திருக்க வாய்ப்பில்லை. டர்பனின் தை மாதம் கடுங்கோடை. காவடி எடுப்பவரின் மார்பில் வியர்வையோடு மஞ்சள் நீரும் சந்தனமும் திருநீறும் குழைந்திருக்கும். அதன்மேல் எந்தப் பேடும் ஒட்டாது. முதலில் துண்டால் அழுத்தித் துடைத்துவிட வேண்டும். அலகு குத்தியிருந்தால் அந்த உலோகத்தைத் தவிர்த்துச் சற்றுத் தள்ளி ஒட்ட வேண்டும். நான் எடுத்துச் செல்லும் கருவியின் படத்திலோ உலர்ந்த ஆண் மார்பு மட்டுமே இருக்கிறது. விழுந்தவர் பெண்ணாக இருந்தால் ரவிக்கையை வெட்டலாமா, தாலியைக் கழற்றலாமா என்று தொண்டர்கள் தயங்குகிறார்கள். துணியைத் தயங்காமல் வெட்ட வேண்டும், தாலியைப் பேட் படாதபடி ஒதுக்கினாலே போதும் என்பதை ஒவ்வொரு முறையும் நான் வாயால் சொல்ல வேண்டியிருக்கிறது. அதையும் ஒரு படமாக வரைந்திருந்தால் அந்தத் தயக்கத்துக்கே இடமிராது.

எங்கள் கருவி அதுவரை அலுவலக அலமாரியில் பூட்டப்பட்டிருந்தது. சாவி ஒரே ஒருவரிடம். அன்று மாலையே அதைச் செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில், பூட்டில்லாத பெட்டியில் மாற்றி வைத்தோம். வாசற்காவலர் ஜூலு பேசுபவர் என்பதால், தாளை உரிப்பது பற்றிய ஒரு வரியை அவரையே ஜூலுவில் எழுதித் தரச் சொல்லி, தமிழ் வரியோடு மூடியில் ஒட்டினோம். கீழே ஆம்புலன்ஸ் எண் 10177 பெரிதாக இருக்கிறது. உள்ளே இரண்டு பருத்தித் துண்டுகள் வைத்திருக்கிறோம்.