இடது காலுறை

14 மே 2024, செவ்வாய்

என் கணவரின் இடது காலுக்குக் காலுறை போட்டுவிட்டு நான் நிமிர்ந்தபோது மணி எட்டு. எங்கள் குடும்ப வைத்தியரான ஜீபி, அவரது இடுப்பு மூட்டுக்காக வைத்தியசாலைக்குக் கடிதம் அனுப்பியது சென்ற நவம்பர் 6ஆம் திகதி. நேற்றுடன் 27 வாரங்கள் முடிந்துவிட்டன. கடிதம் போன நாளிலிருந்து 18 வாரங்களுக்குள், நூற்றுக்கு 92 பேருக்காவது சிகிச்சை தொடங்கிவிட வேண்டும் என்பது இங்கிலாந்தின் விதி. 2016க்குப் பிறகு அந்த விதி ஒரு மாதம்கூட நிறைவேறவில்லை என்பதை நேற்றிரவுதான் வாசித்து அறிந்தேன். இத்தனை நாளும் எங்கள் கடிதம் மட்டும் எங்கோ தவறிப்போய்விட்டது என்று நினைத்து உள்ளுக்குள் அழுதுகொண்டிருந்தேன்.

16 மே

வைத்தியசாலையிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. இடுப்பு மூட்டுச் சத்திரசிகிச்சை இன்னும் தேவையென்றால் 1ஐயும், தேவையில்லையென்றால் 2ஐயும் அனுப்பச் சொல்லி, பதில் வராவிட்டால் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்படலாம் என்று கடைசி வரியில் எழுதியிருந்தார்கள். அவர் வலிமாத்திரை போட்டு அயர்ந்திருந்தார். நான் 1ஐ அனுப்பினேன். பிறகு நெடுநேரம் தூக்கம் வரவில்லை. முதியோர் சங்கத்துக்கு வரும் ஐயா ஒருவர், பிள்ளைகள் கனடாவில் இருக்க, இங்கே தனியாக இருக்கிறார். தொலைபேசியில் பச்சைப் பொத்தானையும் சிவப்புப் பொத்தானையும் தவிர வேறெதையும் தொடமாட்டார். அவருக்கு இப்படி ஒரு செய்தி வந்தால் யார் வாசித்துச் சொல்வார்கள்?

25 மே, சனி

கோயிலில் தெரிந்த அக்கா ஒருவரைக் கண்டேன். தடி இல்லாமல் மூன்று முறை வீதி சுற்றினார். அவருக்கும் இடுப்பு மூட்டுத்தான், அவருக்கும் அரச சுகாதார சேவையான என்எச்எஸ்தான், அவரிடமும் ஒரு சதம் வாங்கவில்லை. ஆனால் 19 வாரங்களில் முடித்துவிட்டார்கள். முதற்கடிதம் போகும்போதே எந்த வைத்தியசாலை என்று தெரிவு செய்யும் உரிமை நோயாளிக்கு உண்டாம். என்எச்எஸ் பணம் கட்டி அனுப்பும் தனியார் வைத்தியசாலைகளும் அதற்குள் அடங்குமாம். அக்காவின் மகன் வரிசை குறைந்த இடமாகப் பார்த்துத் தெரிவு செய்திருக்கிறார். எங்களிடம் ஜீபி, “பக்கத்து வைத்தியசாலை சரிதானே?” என்று கேட்டார். நாங்கள் இருவரும் தலையாட்டினோம். வைத்தியர் கேட்டால் தலையாட்டுவதுதான் மரியாதை என்று வளர்ந்தவர்கள் நாங்கள்.

3 ஜூன், திங்கள்

அக்கா சொன்ன இடத்துக்கு அழைத்தேன். எதிர்முனையில் இருந்த பெண் கனிவாகவே பேசினார். வயது, எடை, நீரிழிவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தவர், 2017இல் மாரடைப்பு வந்து இதய இரத்தநாளத்தில் ஸ்டென்ட் என்ற சிறு குழாய் வைத்தது என்று நான் சொன்னதும் சற்று மௌனமானார். அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவு இல்லை என்பதால் இதய நோயாளிகளை ஏற்பதில்லையாம்.

அந்த இரவை நினைத்துக்கொண்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். 999க்கு அழைத்து, அம்புலன்ஸ் வந்து, அவசரப் பிரிவின் வரிசையில்கூட நிறுத்தாமல் நேரே குழாய் வைக்கும் அறைக்கே கொண்டுபோய், நெஞ்சு வலிக்கிறது என்று அவர் சொன்னதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் முடித்து, “இனிப் பயமில்லை” என்று என் தோளைத் தொட்டுச் சொன்ன அந்த வைத்தியரின் முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அன்று எங்களிடம் யாரும் பணம் கேட்கவில்லை. எங்கள் பெயரைக்கூடச் சரியாக உச்சரிக்க முயன்றார்கள். இந்த அமைப்பின்மீது கோபப்பட நினைக்கும்போதெல்லாம் அந்த முகம் குறுக்கே வருகிறது. அன்று அவரை உயிரோடு தந்த அதே குழாய்தான் இன்று குறுகிய வரிசையிலிருந்து அவரை விலக்குகிறது என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது?

27 ஜூன்

இளநிலை வைத்தியர்களின் வேலைநிறுத்தம் இன்று காலை 7 மணிக்குத் தொடங்கியது. என் பெறாமகளும் பதாகையுடன் வாசலில் நிற்கிறாள். “சித்தப்பாவின் திகதி என்னால் பிந்துமா, சித்தி?” என்று இரவு அழைத்துக் கேட்டாள். அவர் என்னிடமிருந்து தொலைபேசியை வாங்கி, “நீ சாப்பிட்டியா, பிள்ளை?” என்று மட்டும் கேட்டார்.

5 ஜூலை

ஆட்சி மாறிவிட்டது. காலுறை போட ஏழு நிமிடங்கள் ஆயின.

11 ஜூலை

இலக்கம் தெரியாத அழைப்பு. வைத்தியசாலை அழைத்தால் இலக்கம் திரையில் விழாது. நான் குளியலறையிலிருந்து ஓடி வருவதற்குள் நின்றுவிட்டது. திருப்பி அழைக்க வழியில்லை. நாள் முழுவதும் தொலைபேசியைக் கையில் வைத்தபடியே சமைத்தேன்.

19 ஜூலை

உலகமெங்கும் கணினிகள் முடங்கி, ஜீபியின் கணினியும் நின்றுவிட்டது. இன்றைய இரத்தப் பரிசோதனை நடக்கவில்லை.

14 ஓகஸ்ட்

வினாக்கொத்து ஒன்று தபாலில் வந்தது. பன்னிரண்டு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு புள்ளிகள், நோவில்லாதவருக்கு 48. காரில் ஏறி இறங்க முடிகிறதா, இரவில் வலி எழுப்புகிறதா என்று கேட்டுக்கொண்டே வந்து, காலுறையைத் தானே போட்டுக்கொள்ள முடிகிறதா என்ற கேள்வியில் அவர் பேனாவை வைத்துவிட்டார். நான்தான் “முடியாது” என்பதில் குறியிட்டேன். கூட்டிப் பார்த்தால் 11. நிலத்தில் சம்மணமிட்டு உட்கார முடிகிறதா, சாமி முன்னால் விழுந்து கும்பிட முடிகிறதா என்று அதில் கேட்கவில்லை. அவருக்கு முதலில் போனது அவை இரண்டும்தான்.

21 ஓகஸ்ட்

சத்திரசிகிச்சைக்கு முந்திய பரிசோதனை. இரத்தம், இதயப் பதிவு, மூக்கிலிருந்து கிருமிப் பரிசோதனை. தாதி மூன்று வாரத்தில் திகதி வரலாம் என்றார். வீடு திரும்பும்போது அவர் பேருந்தில் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்.

28 ஓகஸ்ட், புதன்

இலக்கம் தெரியாத அழைப்பு, இம்முறை எடுத்துவிட்டேன். இரத்தத்தில் மூன்று மாதச் சராசரிச் சீனி அளவு 78 ஆம். 69க்குக் கீழே வராமல் சத்திரசிகிச்சை செய்யமாட்டார்கள். காயம் ஆறாது, கிருமி தொற்றினால் புது மூட்டையே கழற்ற வேண்டி வரும் என்று தாதி விளக்கினார். அவர் சொன்னதில் தவறேதும் இல்லை. ஆனால் சென்ற நவம்பரில் அதே அளவு 61. அன்று அவர் தினமும் பூங்காவைச் சுற்றி வந்தார். நடக்க முடியாததால் எடை கூடியது. எடை கூடியதால் சீனி கூடியது. சீனி கூடியதால் நடக்கவைக்கும் சிகிச்சை தள்ளிப்போகிறது. இதை நான் தாதியிடம் சொன்னேன். “எனக்கு விளங்குகிறது” என்றார். அவருடைய குரலிலும் களைப்பு இருந்தது. மறுபடி இரத்தம் எடுக்க மூன்று மாதமாகும்.

அவர் ஒன்றும் பேசவில்லை. தேநீரைச் சீனியில்லாமல் கேட்டார்.

1 செப்டெம்பர், ஞாயிறு

நல்லூர்த் தேரை நேரலையில் பார்த்தோம். தேருக்குப் பின்னால் அங்கப்பிரதட்சணம் செய்தவர்களை அவர் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வயதில் அந்த மணலில் அவரும் உருண்டவர். மதியத்துக்குக் குரக்கன் பிட்டும் வல்லாரைச் சம்பலும்.

12 செப்டெம்பர்

என்எச்எஸ்ஸின் நிலையை ஆராயப் புது அரசு நியமித்த சத்திரசிகிச்சை நிபுணர் டார்சி பிரபுவின் அறிக்கை வெளியாகியிருக்கிறது. என்எச்எஸ் அபாய கட்டத்தில் இருக்கிறதாம். பட்டியலில் சுமார் 76 இலட்சம் சிகிச்சைகள் காத்திருக்கின்றன. ஒருவரே இரண்டு மூன்றுக்குக் காத்திருப்பதால் ஆட்தொகை ஏறத்தாழ 64 இலட்சம். அந்த எண்ணுக்குள் அவர் ஒருவர். அவருக்குக் காலுறை போடும் நான் எந்த எண்ணுக்குள்ளும் இல்லை, எனக்கும் இப்போது முதுகு வலிக்கிறது. ஜீபியிடம் சொல்லவில்லை. சொன்னால் இன்னொரு கடிதம் போகும்.

24 செப்டெம்பர்

நீரிழிவுத் தாதி மாத்திரையின் அளவைக் கூட்டினார். நவம்பர் 27இல் இரத்தம் எடுப்பார்கள். நாற்காலியில் இருந்தபடியே செய்யும் கைப்பயிற்சியை அவர் காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் செய்கிறார். நீரிழிவுக்காரருக்கென்று வாய் அகலமான காலுறை விற்கிறார்கள் என்று மருந்துக் கடையில் சொன்னார்கள். இரண்டு சோடி வாங்கினேன். இன்று மூன்று நிமிடத்தில் போட்டுவிட்டேன்.