இரும்பின் மேல் பாலிபைரோல்: எல்லாம் அந்த மஞ்சள் அடுக்கில்தான்

பாலிபைரோல் என்பது பைரோல் மூலக்கூறுகள் மின்சாரத்தால் ஆக்சிஜனேற்றம் அடைந்து கோர்த்துக்கொள்ளும் கருப்பு பாலிமர். பிளாட்டினத்தின் மேல் அதைப் படலமாக வளர்ப்பது சுலபம். மைல்ட் ஸ்டீல், அதாவது கார்பன் குறைந்த சாதாரண இரும்பு, அப்படியில்லை. பைரோல் ஆக்சிஜனேற்றம் அடைய, காலமல் மின்முனையை (மின்னழுத்தத்தை ஒப்பிட்டு அளக்க உதவும் மின்முனை) வைத்து அளந்தால், ஏறத்தாழ 0.7 வோல்ட் வேண்டும். இரும்போ அதற்கு ஒரு வோல்ட் கீழேயே கரைய ஆரம்பித்துவிடும். கரைசலில் மின்சாரம் கடத்தும் மின்பகுளியாகக் குளோரைடு உப்பைப் போட்டால், கொடுக்கிற மின்சாரமெல்லாம் இரும்பைக் கரைக்கவே சரியாகிவிடும், படலம் வராது.

ஆக்சாலிக் அமிலம் இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. கரைந்து வரும் இரும்பு அயனியை அங்கேயே பிடித்து, ஃபெரஸ் ஆக்சலேட்டாகத் தகட்டின் மேல் படிய வைக்கிறது. இந்த மஞ்சள் உப்பு மூடியதும் இரும்பு செயலடங்கும், அதாவது கரைவது அடங்கும். அதன் பிறகே பைரோலின் முறை.

100 மி.லி. கரைசலுக்கு 1.26 கிராம் ஆக்சாலிக் அமிலப் படிகம், 0.7 மி.லி. பைரோல். இரண்டும் 0.1 மோலார் வரும். பைரோல் நிறமில்லாமல் இருக்கவேண்டும். பழுப்பேறியிருந்தால் காய்ச்சி வடித்துத்தான் எடுக்கவேண்டும். தகட்டை 600, பிறகு 1200 எமரி தாளில் தேய்த்து, அசிட்டோனில் கழுவி, உடனே கரைசலில் இறக்குங்கள். சதுர செ.மீ.க்கு 2 மில்லிஆம்பியர் நிலையான மின்னோட்டம் போதும். அமிலம் நச்சு, கையுறை கட்டாயம்.

நேரத்தோடு மின்னழுத்தம் மாறுவதைக் காட்டும் வரைகோட்டில் கண்ணை வையுங்கள். முதலில் −0.5 வோல்ட் பக்கம் படுத்துக் கிடக்கும். திடீரென நேர்ப்பக்கம் எகிறி, அங்கேயே நிலைக்கும். கருமை படர்வது அதற்கப்புறம்தான். எகிறுவதற்கு முன் போன மின்னூட்டம் இரும்பு கரைந்த கணக்கு. அதையும் சேர்த்துப் படலத்தின் தடிமனைக் கணக்கிட்டால் தப்பாகும்.

மின்னழுத்தம் எகிறும் வரையிலான காத்திருப்பு நீண்டால் மஞ்சள் அடுக்கும் தடிக்கும். செலோடேப் ஒட்டி உரித்துப் பாருங்கள்: கரும்படலத்தின் அடிப்பக்கம் மஞ்சள் தூள் அப்பியிருந்தால், உடைந்தது பாலிமர் அல்ல, ஆக்சலேட். மின்னோட்டத்தைக் கூட்டினால் காத்திருப்பு குறையும். 10 சதவீத நைட்ரிக் அமிலத்தில் தகட்டை முன்கூட்டியே செயலடக்குவதும் உண்டு.

நன்றாக ஒட்டிவிட்டாலே துருவுக்குக் காப்பு என்று நம்பிவிடாதீர்கள். படலம் மின்கடத்தி. ஊசித்துளை ஒன்று இருந்தால், சுற்றியுள்ள கரும்பரப்பு முழுக்க, இரும்பு விடும் எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்ளும் பெரிய கேத்தோடாக நிற்க, துளையடி இரும்பு மட்டும் வேகமாகக் கரையும். உப்புநீரில் வைத்த தகட்டில் துரு முதலில் எட்டிப்பார்ப்பது பெரும்பாலும் விளிம்பில்தான். விளிம்பை எபாக்சிப் பிசினால் மூடிய பிறகே சோதனையை ஆரம்பியுங்கள்.