மேடையில் காபி, அரங்கமெங்கும் புத்தகம்

காலையில் கண்ணில் பட்ட ஒரு புகைப்படத்திலிருந்து இன்னும் மீள முடியவில்லை.

அர்ஜென்டினாவின் தலைநகர் புவெனஸ் ஐரஸில் இருக்கும் எல் அத்தெனியோ கிராண்ட் ஸ்ப்ளெண்டிட். 1919-ல் நாடக அரங்கமாகத் திறந்து, பிறகு சினிமா காட்டி, 2000-ல் புத்தகக்கடையான கட்டடம்.

மேடையின் இரண்டு பக்கமும் கருஞ்சிவப்புத் திரை அப்படியே தொங்குகிறது. நடுவே, நடிகர்கள் நின்ற இடத்தில், மேசை போட்டுக் காபி கொடுக்கிறார்கள். பக்கவாட்டு பாக்ஸ்களில், அதாவது சிலர் மட்டும் தனியாக உட்கார்ந்து நாடகம் பார்த்த சின்ன மாடங்களில், உட்கார்ந்து படிக்கலாம். தலைக்கு மேலே நசரேனோ ஒர்லாந்தியின் கூரை ஓவியம்.

அரங்கத்தைக் கடையாக்குவது எளிதான வேலை இல்லை. அரங்கம் என்பதே வெளிச்சத்தை வெளியே நிறுத்தக் கட்டுவது. கடைக்கோ வெளிச்சம் வேண்டும். மேடை எல்லோருக்கும் தெரிய வேண்டுமென்று தரை சரிவாக இருக்கும். அலமாரி நிற்கச் சமதளம் வேண்டும்.

அந்தச் சரிவை உடைத்துச் சமன் செய்துவிட்டால் அப்புறம் அரங்கம் திரும்பாது. சரிவை அப்படியே விட்டு, அதன் மேலே சட்டகம் போட்டுப் புதுத்தளம் அமைத்தால், நாளைக்குக் கழற்றிவிட்டு மறுபடி நாடகம் போடலாம். எனக்கு இந்த வழிதான் முக்கியம்.

லாஸ் ஏஞ்சலிஸில் 1927-ல் திறந்த டவர் தியேட்டர் பல வருடம் மூடிக் கிடந்து, 2021-ல் ஆப்பிள் கடையானது. போன் விற்கிற இடமாகிவிட்டதே என்று சிலர் வருந்துவது புரிகிறது. ஆனால் பூட்டிய கட்டடத்தில் கூரை ஒழுகும், சாந்து உதிரும், ஒருநாள் இடிக்க அனுமதி கேட்டு நிற்பார்கள். தினமும் திறக்கும் கடையில் ஒழுகலை அன்றைக்கே யாராவது பார்த்துவிடுவார்கள்.

முகப்பை மட்டும் நிறுத்திவிட்டு உள்ளே முழுக்க இடிப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.