.ஜேஎஸ்ஸிலிருந்து .எம்ஜேஎஸ்ஸுக்கு: மேலிருந்து கீழே மாற்றுங்கள்

சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட்.ஜேஎஸ்ஸில், ஒரு கோப்பு இன்னொன்றைக் கூப்பிடும் பழைய முறையான ரிக்வயரை விட்டு புதிய முறையான இம்போர்ட்டுக்கு வர இரண்டு வழி உண்டு. பேக்கேஜின் அமைப்புக் கோப்பான பேக்கேஜ்.ஜேசனில் டைப் என்பதற்கு மாட்யூல் என்று கொடுத்தால் அந்த பேக்கேஜில் இருக்கிற .ஜேஎஸ் கோப்பு அத்தனையும் ஒரே அடியாக மாறிவிடும். இல்லையென்றால் ஒவ்வொரு கோப்பாக, புதிய முறைக்கான .எம்ஜேஎஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டே போகலாம். எங்களுடையது பல வருடப் பழைய கோடு, தினமும் ஓடிக்கொண்டிருக்கும் சர்வர், அதனால் இரண்டாவது வழிதான் சரி.

எங்கே ஆரம்பிப்பது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. சின்னச் சின்ன உதவிக் கோப்புகளை முதலில் மாற்றலாம் என்று தோன்றும், செய்யாதீர்கள். எங்களிடம் இருந்த நோட் 18-இல் .எம்ஜேஎஸ் கோப்பு பழைய கோப்பை இம்போர்ட் செய்துகொள்ளும், பழைய கோப்பு .எம்ஜேஎஸ்ஸை ரிக்வயர் செய்ய முடியாது. (22.12-இலிருந்து தனி ஆப்ஷன் எதுவும் தராமலே முடிகிறது, அதுவும் அந்தக் கோப்பின் மேல்மட்டத்தில், அதாவது எந்த ஃபங்ஷனுக்கும் வெளியே, ஒரு வேலை முடியும்வரை காத்திருக்கச் சொல்லும் அவெய்ட் இல்லாவிட்டால்தான்.) ஆகவே சர்வரைத் தொடங்கும் கோப்பு முதலில், அப்புறம் அது கூப்பிடுபவை, அப்படியே கீழே இறங்கினோம். எந்த இடத்தில் நிறுத்தினாலும் சர்வர் ஓடியது.

கோப்புக்குள்ளே வேலை கொஞ்சம்தான். இம்போர்ட் வரியில் கோப்பின் முழுப் பெயரையும் எக்ஸ்டென்ஷனோடு எழுத வேண்டும், கோப்பு இருக்கும் ஃபோல்டரைச் சொல்லும் டிர்நேம் கிடையாது, இம்போர்ட்.மெட்டா.யூஆர்எல்லிலிருந்து பாதையை எடுத்துக்கொள்ள வேண்டும்.

அதிக நேரம் தின்றது சுற்றியிருந்த கருவிகள். கோடை ஓட்டாமலே அதில் தவறு தேடும் எங்கள் லிண்ட் கட்டளையும் டெஸ்ட் கட்டளையும் .ஜேஎஸ் என்று முடியும் கோப்புகளை மட்டுமே தேடின, பெயர் மாறியவற்றை எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் தாண்டிப் போயின. எல்லாம் பச்சையாகத் தெரியும், ஆனால் எதுவும் சோதிக்கப்பட்டிருக்காது. ஓடிய டெஸ்ட்களின் எண்ணிக்கையை முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பாருங்கள், இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும்.

பிரவுசருக்கும் போகிற கோப்பு இருந்தால் இன்னொன்று. பிரவுசர் எக்ஸ்டென்ஷனைப் பார்ப்பதில்லை, இது என்ன வகைக் கோப்பு என்று சர்வர் சொல்லி அனுப்பும் கன்டென்ட்-டைப்பைத்தான் பார்க்கிறது. எங்கள் வெப் சர்வருக்கு .எம்ஜேஎஸ் என்றால் என்னவென்றே தெரியாமல் ஆக்டெட்-ஸ்ட்ரீம், அதாவது வகை தெரியாத வெறும் தரவு, என்று அனுப்பியது, பிரவுசர் மாட்யூலை ஏற்க மறுத்துவிட்டது. டெக்ஸ்ட்/ஜாவாஸ்கிரிப்ட் என்று ஒரு வரி சேர்த்ததும் சரியானது. 2022-இல் வந்த இணைய ஆவணமான ஆர்எஃப்சி 9239-உம் .எம்ஜேஎஸ்ஸுக்கு அதையேதான் சொல்கிறது.

ஒரு கருவியின் கன்ஃபிக் கோப்பு மட்டும் இன்னும் ரிக்வயர் கேட்கிறது. அதற்கு, பழைய முறைக்கான .சிஜேஎஸ் என்று பெயர் வைத்து விட்டுவிட்டோம்.