காலேஜ் பேஸ்பால் பிட்சர் (பந்து போடறவன்) ஒருத்தன ஸ்கவுட் பண்ணப் போய் நான் பட்ட பாடு

முதல்லயே சொல்லிடறேன், நான் முழுநேர ஸ்கவுட், அதாவது டீமுக்கு ஆள் தேடறவன் இல்ல. ஜார்ஜியா பக்கம் ஒரு புரோ டீமோட ஏரியா ஸ்கவுட்டுக்கு மேட்ச் பாத்து ரிப்போர்ட் எழுதித் தர்ற அசோசியேட், பெட்ரோல் காசு வந்தாலே பெரிய விஷயம். இந்த சீசன்ல ஒரு ரைட் ஹேண்டர் பையன், ஜூனியர் (காலேஜ்ல மூணாவது வருஷம்), புரோ டீம்ங்க வரிசையா புது ஆளுங்கள எடுக்கற ஜூலை டிராஃப்ட்டுக்கு எலிஜிபிள், அவனப் பாத்துட்டு வான்னாங்க. பையன் நல்லாத்தான் போடறான். அவன் என்னைக்குப் போடுவான்னு தெரிஞ்சிக்கறதுக்குள்ளதான் தாவு தீந்துருச்சு.

வெள்ளி, சனி, ஞாயிறுன்னு நடக்குற வீக்கெண்ட் சீரிஸ்ல டீமோட பெரிய பிட்சர் வெள்ளிக்கிழமை இறங்கும்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா மழைன்னா, ஃபைனல் எக்ஸாம்னா, கோச்சுக்கு மூட் மாறுச்சுன்னா சனிக்கிழமைக்குத் தள்ளிடுவாங்க. மீடியா ஆபீஸுக்கு போன் போட்டா "சைட்ல பாருங்க சார்"ங்கறாரு, சைட்ல பாத்தா மூணு நாளுக்கும் "பின்னர் அறிவிக்கப்படும்"னு இருக்கு. சரின்னு கிளம்பிப் போனேன், பையன் ரெண்டு இன்னிங்ஸ் போட்டான், தூரத்துல ஒரு மின்னல். அவ்ளோதான், கிரவுண்ட காலி பண்ணிட்டாங்க. கடைசி மின்னல்ல இருந்து 30 நிமிஷம் ஆகணும்ங்கறது ரூல், இன்னொன்னு வெட்டுச்சுன்னா மறுபடி முதல்ல இருந்து எண்ணணும். ஒரு வழியா ஆட்டம் தொடங்கும்போது கை ஆறிப்போச்சுன்னு அவன உக்கார வச்சிட்டு வேற ஒருத்தன இறக்கிட்டாங்க, எனக்கு வந்த கோவத்துல பாப்கார்ன் கூட இறங்கல.

அடுத்த வாட்டி ஆபீஸ நம்பாம பக்கத்துல உக்காந்திருந்த இன்னொரு டீம் ஸ்கவுட் கிட்டயே கேட்டு வச்சிக்கிட்டேன். புதுசா போறவங்களுக்கும் அதான் சொல்றேன், அந்தாளுங்களுக்குத்தான் எல்லாம் தெரியும், ஒரு காபி வாங்கிக் குடுத்தா போதும்.

ஸ்கோர்போர்ட்ல வர்ற ஸ்பீட நம்பவே நம்பாதீங்க. அங்க 97 மைல்னு மின்னுது, கூட்டம் கத்துது, பிளேட்டுக்கு (பேட்டர் நிக்கிற இடம்) பின்னாடி இருக்குற எங்க ரேடார் கன் எல்லாத்துலயும் 94தான். அப்பறம் மொத்த மேட்சையும் பிளேட்டுக்குப் பின்னாடியே உக்காந்து பாக்காதீங்க. நான் நாலாவது இன்னிங்ஸ்ல எந்திரிச்சு தேர்ட் பேஸ் பக்கம் (பேட்டர் பக்கத்துல இருந்து பாத்தா இடது கை பக்கம்) போனேன், ரைட் ஹேண்டர்னா அங்கிருந்துதான் நெஞ்சு திறக்கறது, கை வர்றது எல்லாம் தெளிவாத் தெரியும். அங்கதான் விஷயமே மாட்டுச்சு: சேஞ்ச்அப் (ஃபாஸ்ட்பால் மாதிரியே காட்டி மெதுவா விடற பந்து) போடும்போது மட்டும் கை வேகத்த கொஞ்சம் குறைக்கறான். காலேஜ் பேட்டர் ஏமாந்துடுவான், மேல புரோ லெவல்ல இருக்கறவன் ஏமாற மாட்டான். பேஸ்ல ஆள் நின்னா ஃபாஸ்ட்பால் 92க்கு எறங்கிடுது, அதையும் குறிச்சிக்கிட்டேன். எந்தப் பந்து போடணும்னு பெஞ்ச்ல இருந்து கோச்தான் சொல்றாரு, அதனால பையனோட மூளைக்கு மார்க் போட முடியல, அத அப்படியே எழுதிட்டேன்.

ஸ்கவுட் ரிப்போர்ட்ல கிரேடு 20-80 ஸ்கேல்தானே, 50ன்னா மேஜர் லீக் ஆவரேஜ். ஃபாஸ்ட்பால் 55, ஸ்லைடர் (பக்கவாட்டுல விலகிப் போற பந்து) 55, சேஞ்ச்அப் இன்னிக்கு 40, பின்னால 45 ஆகலாம், கமாண்ட், அதாவது நெனச்ச இடத்துல பந்து போடறது, 45. ஸ்ட்ரைக்அவுட் (மூணு ஸ்ட்ரைக்ல பேட்டர் அவுட்) எண்ணிக்கையப் பாத்து மயங்கல, எதிர்ல இருந்தவங்க அலுமினியம் பேட்ட வச்சிக்கிட்டு எல்லாப் பந்துக்கும் சுத்துற பசங்க.

கடைசியா மெடிக்கல். முழங்கைல, தோள்ல ஏதாவது பழைய கதை இருக்கான்னு டீம் டிரெயினர கேட்டா பையனோட அட்வைசர (ஏஜென்ட் மாதிரி) கேளுங்கறாரு, அட்வைசர கேட்டா இப்போதைக்கு ஒன்னும் குடுக்க மாட்டோங்கறாரு. அவங்க பயமும் நியாயம்தான். வாண்டர்பில்ட் காலேஜ்ல 2019ல ஒரே மேட்ச்ல 19 பேர ஸ்ட்ரைக்அவுட் பண்ணி நோ-ஹிட்டர் (எதிர் டீமுக்கு ஒரு ஹிட் கூட குடுக்காத ஆட்டம்) போட்ட குமார் ராக்கர 2021 டிராஃப்ட்ல மெட்ஸ் டீம் பத்தாவதா எடுத்துட்டு, மெடிக்கல் ரிப்போர்ட்டப் பாத்து கையெழுத்தே போடாம விட்டாங்க. அடுத்த வருஷமே ரேஞ்சர்ஸ் அவர மூணாவதா எடுத்தாங்கங்கறது வேற விஷயம்.

அதனால மெடிக்கல் கட்டத்த காலியா விட்டு, ஏன் காலின்னு ஒரு வரி சேத்து அனுப்பிட்டேன். சேஞ்ச்அப் விஷயத்த வேற யாரும் எழுதலையாம், அதுக்காகவே கிராஸ்செக்கர் (எங்க ரிப்போர்ட்ட மறுபடி சரிபாக்கற பெரிய ஸ்கவுட்) நேர்ல வர்றேன்னு சொல்லியிருக்காரு. எந்த நாள்னு என்னக் கேட்டாரு, வெள்ளி சனி ரெண்டுக்கும் ரூம் போட்டுக்கங்கன்னு சொல்லிட்டேன்.