எச்.எம். நாற்காலியும் கடைசி பெஞ்சும்

அரசுப் பள்ளியில் தலைமை ஆசிரியர் ஆவதற்கென்று யாரும் தனியாகப் படித்துவிட்டு வருவதில்லை. பணிமூப்புப் பட்டியலில் பெயர் மேலே ஏறிக்கொண்டே வரும், ஒருநாள் கலந்தாய்வுக்கு அழைப்பார்கள், காலிப்பணியிடங்களைப் பார்த்து ஓர் ஊரைச் சொல்லி ஆணையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தால் நாம் எச்.எம். தமிழ்நாட்டில் பட்டதாரி ஆசிரியர்கள் உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் ஆகலாம், முதுகலை ஆசிரியர்கள் மேல்நிலைப் பள்ளிக்குப் போகலாம். நான் வந்தது முதல் வழியில், கணக்கு ஆசிரியராக இருந்து. அதுவரை சாக்பீஸ் பிடித்த கையில் சாவிக்கொத்தையும் பணப் பதிவேட்டையும் இருப்புப் பதிவேட்டையும் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். பள்ளியை நடத்துவது எப்படி என்பதை நடத்திக்கொண்டேதான் கற்க வேண்டும். பயிற்சி கொடுக்காமல் இல்லை. ஆனால் எனக்குக் கிடைத்த பயிற்சிகளில் பணி விதிகளும், எமிஸ் என்ற கல்வித் தகவல் தளத்தில் விவரங்களைப் பதிவேற்றுவதும்தான் அதிகம். ஒரு வகுப்பறைக்குள் போனால் எதைப் பார்க்க வேண்டும் என்று யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை.

அதுதான் இந்தப் பதவியின் மையமான வேலை என்று நான் உறுதியாக நம்புகிறேன். நான் மட்டும் சொல்வதல்ல. பள்ளிக்குள் மாணவர் கற்றலைத் தீர்மானிக்கும் காரணிகளில் வகுப்பறைக் கற்பித்தலுக்கு அடுத்த இடம் தலைமைக்குத்தான் என்று 2004-இல் கல்வி ஆய்வாளர் கென்னத் லீத்வுட் குழுவினர் எழுதினார்கள். 2008-இல் இன்னொரு கல்வி ஆய்வாளரான விவியன் ராபின்சனும் அவருடன் பணியாற்றியவர்களும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தலைமை ஆசிரியர் செய்யும் வேலைகளிலேயே அதிக விளைவு தந்தது ஆசிரியர்களின் கற்றலை ஊக்குவிப்பதும் அதில் தானும் பங்கெடுப்பதும்தான். பயிற்சிக்குப் பெயர் கொடுத்து அனுப்பிவிட்டால் போதாது, கூடவே உட்கார வேண்டும்.

நான் உட்கார்வது கடைசி பெஞ்சில். ஏழாம் வகுப்பில் பின்னக் கூட்டல் நடந்துகொண்டிருந்தது. பாடம் எடுத்தவர் நல்ல ஆசிரியர், தெளிவாகத்தான் போட்டுக் காட்டினார், முன்னால் நின்று பார்த்தால் எல்லாப் பிள்ளைகளும் எழுதிக்கொண்டிருப்பதாகவே தெரியும். என் பக்கத்தில் இருந்த பையன் அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னதும் கணக்கை மட்டும் அழகாக எழுதினான், அப்புறம் பேனாவை மூடிவிட்டான். பலகையில் விடை வந்ததும் மூடியைத் திறந்து ஆறில் ஐந்து என்று எழுதிக்கொண்டான். அடுத்த கணக்குக்கும் அப்படியே. அவனுக்கு முன் பெஞ்சில் இருந்தவர்களும் அதைத்தான் செய்தார்கள். நோட்டைத் திருத்தினால் எல்லாம் சரியாக இருக்கும், கற்றல் மட்டும் நடந்திருக்காது. இது பாடக்குறிப்பைப் பார்த்தாலோ வராந்தாவில் நடந்தபடி எட்டிப் பார்த்தாலோ தெரியவே தெரியாது.

அன்று வகுப்புப் பார்வைப் பதிவேட்டில் எதுவும் எழுதவில்லை. "சார், நாளைக்கு இந்த வகுப்பை நான் எடுக்கறேன், நீங்க பின்னால அந்தப் பையன் பக்கத்துல உட்காருங்க" என்றேன். உட்கார்ந்தார், பார்த்தார். அதற்குப் பிறகு விடையைப் பலகையில் எழுதும் முன் பக்கத்தில் இருப்பவனிடம் வழியைச் சொல்லச் சொல்லும் முறையை அவரேதான் கொண்டுவந்தார். ஆசிரியர்களைக் கண்டித்து மாற்ற முடியும் என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடே கிடையாது. தான் பாடம் எடுப்பதைப் பிறர் பார்க்கச் சம்மதிக்கிற எச்.எம்.முக்கு மட்டும்தான் மற்றவர் வகுப்பைப் பார்க்கும் தகுதி உண்டு. அதனால்தான் எவ்வளவு வேலை இருந்தாலும் எனக்கென்று ஒரு வகுப்பை விடாமல் வைத்திருக்கிறேன்.

வருகைப் பதிவேடும் அப்படித்தான். மாத முடிவில் சதவீதத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் ஒன்றும் புலப்படாது, ஒவ்வொரு பெயராக விரல் வைத்துக் குறுக்கே படிக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண்ணுக்கு வியாழன், வெள்ளி மட்டும் வரிசையாக விடுப்பு. அந்த நாட்களில் அம்மா வெளியூர் வேலைக்குப் போகிறார், தம்பியை இவள்தான் பார்த்துக்கொள்கிறாள். தம்பிக்கு இரண்டு வயது முடிந்திருந்தது, அங்கன்வாடியில் விடலாம் என்பதே அந்த அம்மாவுக்குத் தெரியாது. அதைப் போய்ச் சொன்னது நானல்ல, பள்ளி மேலாண்மைக் குழுவில் இருந்த, அதே தெருவைச் சேர்ந்த இன்னொரு அம்மா. 2009 கல்வி உரிமைச் சட்டம் அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோரும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களும் இருக்க வேண்டும் என்று சொன்னது எவ்வளவு சரி என்பது இப்படிப்பட்ட இடத்தில்தான் விளங்கும். தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து வாங்க மட்டும் அவர்களைக் கூப்பிடும் பள்ளிகளைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 'உடனடி' என்ற தலைப்போடு வாட்ஸ்அப்பில் புள்ளிவிவரம் கேட்டு வராத நாள் இல்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர வேறு கல்விசாரா வேலைக்கு ஆசிரியர்களை அனுப்பக் கூடாது என்று அதே சட்டத்தின் 27-ஆம் பிரிவு சொல்கிறது, ஆனால் நாற்காலியில் உட்கார்ந்தே செய்கிற எழுத்து வேலைக்கு எந்தப் பிரிவும் தடை போடவில்லை. காலையில் முதல் இரண்டு பாடவேளை கோப்பைத் தொடுவதில்லை என்று நான் வைத்துக்கொண்டேன். மூத்த ஆசிரியர்களிடம் நூலகம், தேர்வு, விளையாட்டு எல்லாவற்றையும் முழுப் பொறுப்பாகக் கொடுத்துவிட்டேன், முடிவெடுக்கும் உரிமையோடு சேர்த்து.

கடைசியாக ஒன்று. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காட்டை வைத்துத்தான் எச்.எம்.மை எடைபோடுகிறார்கள், அதனால் பள்ளியின் சிறந்த கணக்கு ஆசிரியர் பத்தாம் வகுப்பிலேயே இருப்பார். நான் அவரை ஆறாம் வகுப்புக்கு மாற்றினேன். பெற்றோர் கூட்டத்தில் கோபப்பட்டார்கள், மேலிருந்தும் கேள்வி வந்தது. வகுத்தலும் பின்னமும் அங்கேயே பிடிபட்டுவிட்டால் பத்தாம் வகுப்பில் மாலைச் சிறப்பு வகுப்பு வைத்து 35 மதிப்பெண்ணுக்காகப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓட வேண்டியதில்லை. ஆனால் அந்த ஆறாம் வகுப்பு பொதுத்தேர்வு எழுதி முடிக்க ஐந்து கல்வியாண்டு ஆகும், அதற்குள் எச்.எம். மாறுதலாகியோ ஓய்வு பெற்றோ போயிருப்பார். துறையிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: தலைமை ஆசிரியரை நியமிக்கும்போது, ஒரு ஆறாம் வகுப்பு பத்தாம் வகுப்பை முடிக்கும் வரையாவது அவரை அதே பள்ளியில் விட்டுவையுங்கள், அந்தப் பிள்ளைகளை வைத்து அவரை மதிப்பிடுங்கள்.