எங்க மாடி கற்பூரவல்லி
மழை ஆரம்பிச்சதுல இருந்து ஆறு வயசு மகளுக்கு மூக்கடைப்பு, ராத்திரி பூரா இருமல். காலைல மாடிக்கு போய் கற்பூரவல்லி நாலு இலை பறிச்சேன், கிள்ளும்போதே டப்புனு ஒரு சத்தம், விரலெல்லாம் ஓம வாசனை, இலை மேல மெல்லிசா வெல்வெட் மாதிரி ரோமம். அத இட்லி தட்டுல வச்சு ஆவில வாட்டி சாறு புழிஞ்சு தேன் கலந்து குடுத்தேன், மூஞ்ச சுளிச்சிட்டே குடிச்சிட்டா. மீதி இலைய கடலைமாவுல முக்கி பஜ்ஜி போட்டாச்சு.

இதுக்கு விதையே வேணாங்க. பக்கத்து வீட்டு அக்கா ஒடிச்சு குடுத்த ஒரு சாண் கொம்பதான் மணல் கலந்த மண்ணுல நட்டு வச்சேன், ரெண்டு வாரத்துல வேர் புடிச்சிடுச்சு. தெனம் தண்ணி ஊத்தாதீங்க, தண்டு அழுகிடும், மேல்மண்ணு காஞ்சா ஊத்துனா போதும். கொம்பு வேணுங்கிறவங்க வீட்டுக்கு வாங்க, ஒடிச்சு தரேன்.